நுனியில் ஒற்றை இலை

அந்தச் செடியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். வேலை விஷயமாகப் பொன்முடிக்குப் போனவர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களை ஒட்டி வேலிபோல் நின்ற புதர்களிலிருந்து காய்ந்த நெற்றுகள் சிலவற்றைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மண்ணுக்குச் சத்து ஏறட்டும் என்று தேயிலைக்கு நடுவே அதை வளர்ப்பார்களாம். வலியசாலையில் எங்கள் வீட்டின் கொல்லையில், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு துண்டு நிலம் உண்டு. யாரோ எப்போதோ சிமென்ட் கலந்த இடம். துளசிகூட அங்கே பிழைக்காது. அங்கே அந்த விதைகளைத் தூவினார். இரண்டு மழைக்காலம் போனதும் அது ஆள் உயரத்தைத் தாண்டிப் புதராக அடர்ந்துவிட்டது.

பார்க்க அழகான செடி. கிளை நுனிகளில் வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக நிற்கும். ஒவ்வொன்றும் அவரைப்பூவின் வார்ப்புதான்: பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெரிய இதழ் ஒன்று, இரு பக்கமும் சிறகுபோல இரண்டு, நடுவில் படகுபோல் ஒட்டிக்கொண்டு இரண்டு. பூ உதிர்ந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் வெல்வெட் போர்த்தியது போன்ற காய்கள். காற்றடித்தால் இலைகள் புரண்டு அடிப்பக்கத்து வெள்ளி மினுக்கம் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, இது என்ன செடி என்று ஒருநாள் கேட்டார்.

"அகத்திக் குடும்பமாக்கும்" என்றார் என் கணவர்.

அதில் பொய் எதுவும் இல்லை. அகத்தி, அவரை, துவரை, நிலக்கடலை எல்லாம் ஒரே குடும்பம்தான். கல்லூரியில் நான் படித்ததும் தாவரவியல். ஆனால் அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் பாலிசிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. கொல்லைப்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா காதிலும் விழுந்தது.

அக்கா என்று நான் கூப்பிட்டது என் கணவரின் மூத்த சகோதரியை. அவருடைய கணவர், எங்கள் அத்திம்பேர், காலமான பிறகு திருநெல்வேலி வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு இருக்க வந்தவர். அறுபது கடந்தவர். இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். எங்கள் இருவருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. சீரகம் எங்கே என்று என்னிடம் கேட்கமாட்டார். எல்லா டப்பாவையும் திறந்து பார்த்துத் தானே கண்டுபிடிப்பார். நானும் சொல்லமாட்டேன். ஏகாதசிக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்து, மறுநாள் துவாதசிக் காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்துப் பாரணை செய்வது அவருடைய வழக்கம்.

வைகுண்ட ஏகாதசியை இங்கே சுவர்க்கவாதில் ஏகாதசி என்பார்கள். அந்த வருஷம் மார்கழியில் அதற்குக் கோயிலில் நல்ல கூட்டம். சாலைக் கடைத்தெருவில் அகத்தி ஒரு கட்டுகூட மிச்சமில்லாமல் விற்றுப்போயிருந்தது. வெறுங்கையோடு வந்து நான் சொன்னபோது அக்கா, "ஷெரி, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

துவாதசி அன்று கணவர் காப்பி குடித்துவிட்டு விடிகாலையிலேயே நெடுமங்காட்டுப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். நான் குளித்துவிட்டு வந்தபோது சமையல் முடிந்து பாரணையும் ஆகியிருந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும் எங்கள் பெண் யூனிஃபார்மோடு அத்தைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அக்கா நெய்யும் கீரையும் போட்டுப் பிசைந்த சாதத்தை உருட்டி அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கசக்கறது அத்தை."

"அகத்தின்னா கசக்கத்தான் செய்யும். துவாதசி பிரசாதம், முழுங்கிடு."

என் உள்ளங்கையிலும் கொஞ்சம் வைத்தார். நானும் சாப்பிட்டேன். கசந்தது. அகத்தி கசக்கும்தானே. கீரை எங்கே கிடைத்தது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வேன் ஹாரன் அடித்துவிட்டது. குழந்தையைத் தெருமுனைவரை கொண்டுபோய் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

கொல்லைப்படியில் செய்தித்தாள் மேல் ஆய்ந்துபோட்ட காம்புகள் குவிந்து கிடந்தன. குப்பையில் போடலாம் என்று அள்ளினேன். உருவாமல் விட்டுப்போன ஒரு முழு இலை கையில் வந்தது. நடுவே ஈர்க்குபோல ஒரு காம்பு, இரண்டு பக்கமும் சோடி சோடியாகச் சிற்றிலைகள். அகத்தியும் இப்படித்தான் இருக்கும். ஆனால் அகத்தி இலையில் கடைசிவரை சோடிதான். இதன் நுனியில், சோடியில்லாமல், ஒற்றையாக ஒரு சிற்றிலை நீட்டிக்கொண்டிருந்தது.

தலையை நிமிர்த்தினேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் புதரின் கீழ்க்கிளைகள் மொட்டையாக நின்றன.

கல்லூரி வகுப்பறை ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் ஆசிரியை கரும்பலகையில் இதேபோல் நுனியில் ஒற்றை இலை உள்ள கொழிஞ்சி இனங்களை எழுதிக்கொண்டே போகிறபோக்கில் சொன்னது: இவற்றில் சிலதை இடித்து ஓடையில் கலந்தால் மீன்கள் மயங்கி மேலே மிதக்கும், மலைப்பக்கத்தில் அப்படித்தான் மீன் பிடிப்பார்கள். எந்தக் கொழிஞ்சி, எந்தப் பாகம், மனிதருக்கு என்ன ஆகும், எதுவும் ஞாபகம் வரவில்லை. மிதக்கும் மீன்கள் மட்டும் வந்தன, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு.

"அக்கா, கீரை எங்கேர்ந்து?"

"கொல்லையிலேர்ந்துதான். அகத்திக் குடும்பம்னு அவன்தானே சொன்னான்?" பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னவர் திரும்பிப் பார்த்தார். "ஏன்?"

இருதய நோயாளியிடம் எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்லை, இலை கொஞ்சம் வேற மாதிரி இருக்கு" என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு கிட்டே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த இலையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கொழந்தைக்கு ஊட்டினேனே?"

பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தேன், மரத்திருக்கிறதா? இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அது விஷமா, பயமா? இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. மறுபடி போன் போட்டபோது வகுப்பு ஆசிரியை எடுத்தார்.

"ஞான் அங்ஙோட்டு விளிக்கான் இருக்கயாயிருன்னு. மோள் ஒரு தவண சர்த்திச்சு. வயறு வேதனன்னு பறயுன்னு."

அவரே என்னைக் கூப்பிட இருந்தாராம். குழந்தை ஒரு தடவை வாந்தி எடுத்திருக்கிறாள், வயிற்றை வலிக்கிறது என்கிறாள். அதற்கு மேல் அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. கொல்லைக்கு ஓடி, பூவும் காயும் இலையும் உள்ள கிளையாகப் பார்த்து ஒன்றை ஒடித்தேன். துணிப்பையில் போட்டுக்கொண்டு, அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். அவர் கதவைப் பூட்டச் சொல்லவில்லை. நானும் பூட்டவில்லை.

கிள்ளிப்பாலத்தில் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா உதட்டைப் புறங்கையால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உடம்பை என்ன பண்றது அக்கா?"

"உதடு என்னோடதா இல்லாத மாதிரி இருக்கு" என்றார். "என்னைப் பத்தி நினைக்காதே. முதல்ல அவளை எடு."

பள்ளி வாசலில் ஆசிரியை குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். குழந்தையின் முகம் வெளுத்து, நெற்றியில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. "அம்மா, அந்தக் கீரை எல்லாம் வந்துடுத்து" என்று குற்றம் செய்தவள்போல் சொன்னாள். ஆட்டோவில் அவளை மடியில் போட்டுக்கொண்டேன். வழக்கமாக அத்தையைப் பார்த்தால் தாவுகிறவளை, அக்கா அன்று திரும்பியே பார்க்கவில்லை. வெளியே பார்த்தபடி, புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் இளவயதுப் பெண். இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்து நாடி பார்த்தார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார். நான் பையிலிருந்து கிளையை எடுத்து நீட்டினேன்.

"ஈ செடி எந்தாணு?"

"கொழிஞ்சி வகைன்னு நினைக்கறேன். நிச்சயமாத் தெரியலை."

"நிச்சயமாத் தெரியணும்" என்றார் அவர், தமிழுக்கு மாறி. "இந்தக் குடும்பத்துல சிலது ஒண்ணும் செய்யாது. சிலது குடலை அறுக்கும். சிலது இருதயத்தைப் பிடிக்கும். எதுன்னு தெரிஞ்சா நான் அதுக்குத் தகுந்த மாதிரி பார்க்கலாம். தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

இருந்தாள். என்னோடு படித்தவள். ஆரியசாலையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். இப்போது நகரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தருகிறாள். கல்யாணம் விசேஷம் தவிர நாங்கள் பேசிக்கொள்வதில்லை. வகுப்பில் இருக்கிறாளோ என்னவோ என்று பயந்துகொண்டே வீடியோவில் அழைத்தேன். எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அழாம நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. இலை நுனியில சோடியா, ஒத்தையா?"

"ஒத்தை."

"சரி, அகத்தி இல்லை. சிற்றிலையைத் திருப்பு. அடிப்பக்கம்?"

"வெள்ளி மாதிரி ரோமம். பட்டு மாதிரி இருக்கு."

"பூவைக் கேமராகிட்ட கொண்டு வா. பின்னாடி பெரிய இதழோட முதுகைக் காட்டு. ஆ, அங்கயும் ரோமம் இருக்கு. காய்?"

வெல்வெட் காயை உயர்த்திப் பிடித்தேன். படம் ஆடியது. டாக்டர் என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப ஒண்ணு செய். ஒரு சிற்றிலையோட நுனியைப் பிடிச்சு மெதுவா இழு. எப்படிக் கிழியுதுன்னு பாரு."

இழுத்தேன். மற்ற இலைகளானால் குறுக்கே எப்படியோ பிய்ந்து வரும். இது பக்க நரம்புகளோடு சாய்வாகக் கிழிந்து, அம்புமுனைபோல ஒரு துண்டாக என் விரலில் வந்தது. மிச்சமிருந்த இலையில், கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் ஒரு 'வி'.

"கொழிஞ்சிதான்" என்றாள். "வெள்ளைக் கொழிஞ்சி. டீ எஸ்டேட்ல போடறது. டெஃப்ரோசியா கேண்டிடான்னு டாக்டர்கிட்ட சொல்லு. மீனுக்கு விஷம். மனுஷாளுக்கு…" என்று நிறுத்தினாள். "மனுஷாளுக்கு அத்தனை ஏறாதுன்னு படிச்சிருக்கேன். ஆனா நான் டாக்டர் இல்லடீ. விதையும் வேரும்தான் மோசம். காயைச் சமைச்சாளா, இலையை மட்டுமா?"

"காயைத் தொடலை" என்றார் அக்கா கட்டிலிலிருந்து. அதுவரை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்குத் தெரியவில்லை. "பிஞ்சா ரெண்டு பறிச்சேன். ரோமமா இருந்தது, தூரப் போட்டுட்டேன்."

டாக்டர் விஷ முறிவு பற்றித் தகவல் தரும் மையத்துக்கு போன் செய்து, நின்றபடியே நீண்ட நேரம் பேசினார். பிறகு வந்து என்னிடம் கேட்டார்: "குழந்தைக்கு நெய் போட்டா கொடுத்தது?"

"ஆமாம்."

"நெய், எண்ணெய் சேர்ந்தா கொஞ்சம் கூடுதலா ஏறும்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே, "பேடிக்கண்டா. வாந்தி எடுத்தது நல்லதுதான். மூச்சும் சர்க்கரையும் பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார்.

பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியிடம் போனார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரு கட்டில்களுக்கும் நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை கண்ணை மூடினால் மயக்கமோ என்று தட்டி எழுப்பினேன். எழுந்து சிணுங்கினால் வலியோ என்று பயந்தேன். நர்ஸ் வந்து, "உறங்கட்டே சேச்சி" என்று என் கையை எடுத்துவிட்டாள். நான் தின்ற கவளமும் என் வயிற்றில் என்ன செய்துகொண்டிருக்கிறதோ. ஆனால் என்னைப் படுக்கவைத்துவிட்டால் இவளை யார் பார்ப்பது என்று அதை நான் டாக்டரிடம் சொல்லவே இல்லை.

மத்தியானத்துக்குள் குழந்தை எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். நிலைமை மோசமானது அக்காவுக்குத்தான். ஒருநாள் முழுக்கத் தண்ணீர்கூடப் படாத வெறும் வயிற்றில் முதலில் இறங்கியது அந்தக் கீரை. அடுத்தடுத்து வாந்தி எடுத்தார். விரல்கள் நடுங்கின. நாடி தாழ்ந்துகொண்டே வந்தது. திரையில் எண்கள் குறையும்போது ஒரு மணி அடிக்கும். மணி அடிக்கும்போதெல்லாம் நர்ஸ் ஓடிவருவாள். பெரிய டாக்டர் ஒருவர் வந்து, அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைக் கேட்டார். ஒன்றை நிறுத்தச் சொன்னார், டிரிப்பில் ஏதோ சேர்க்கச் சொன்னார். போனில் விஷயத்தைக் கேட்ட கணவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கட்டில் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அகத்திக் குடும்பம்னு…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அவர் மருந்து வாங்கப் போனபோது அக்கா கண்ணைத் திறக்காமலே என் கையைத் தேடினார். கொடுத்தேன். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

"பயமா இருக்கு" என்றார்.

எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அத்திம்பேரைப் பற்றிப் பேசும்போதுகூடக் கேட்டதில்லை.

"சரியாயிடும் அக்கா. டாக்டர் சொல்லியிருக்கா."

"எனக்காகச் சொல்லலை. என் உயிர் எப்போ போனா என்ன. அவ நன்னாத்தான் இருக்காளா? எனக்காகப் பொய் சொல்றேளா எல்லாரும்? அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க தைரியம் வரலை."

அப்போதுதான் புரிந்தது. குழந்தை ஆட்டோவில் ஏறியதிலிருந்து அவர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. அவள் பேசியது, பசிக்கிறது என்றது, நர்ஸ் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றது, எல்லாம் ஓரடி தூரத்தில்தான் நடந்தன. அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. பயம் அதையெல்லாம் நம்பவிடவில்லை.

குழந்தையை இறக்கி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து அக்காவின் தலைமாட்டில் நிறுத்தினேன். டிரிப் ஏறும் கையை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அத்தை, இது நோவுமா?"

அக்கா கண்ணைத் திறந்தார். அவளைத் தலையிலிருந்து கால்வரை, ரொம்ப நேரம், ஏதாவது குறைகிறதா என்று தேடுகிறவர்போலப் பார்த்தார். பிறகு, "இல்லடா கண்ணு" என்றார். சொன்னதும் அழத் தொடங்கினார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. திரையில் எண்கள் குதித்தன. மணி அடித்தது. ஓடிவந்த நர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டு, மணியை மட்டும் நிறுத்திவிட்டு நின்றாள்.

சாயங்காலம் நாடி கொஞ்சம் ஏறியது. மறுநாள் காலை டாக்டர் வந்து உதட்டைக் கிள்ளிப் பார்க்கச் சொன்னார். "வலிக்கறது" என்றார் அக்கா. அதைக் கேட்டு நானும் கணவரும் டாக்டரும் சிரித்தோம். அன்றே வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். பூட்டாமல் போன வீடு அப்படியே இருந்தது. தெருக்காரர்கள் மாறி மாறிக் காவல் இருந்திருக்கிறார்கள்.

என் கணவர் வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். வேர் ஆழமாக இறங்கியிருந்தது. மண்ணோடு பெயர்ந்து வந்தபோது வேர் முழுவதும் சின்னச் சின்ன முண்டுகள். ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே சதைபோல இளஞ்சிவப்பு. காற்றிலிருந்து உரம் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பது அந்த முண்டுகள்தான். அந்த இடத்து மண் கறுத்துப் பொலபொலவென்று ஆகியிருந்தது, மண்புழு நெளிந்தது. செடி அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. பூவோடும் காயோடும் சாக்கில் கட்டி, பசு எதுவும் வாய் வைக்காத இடமாகப் பார்த்துப் புதைத்துவிட்டு வந்தார்.

அன்று மத்தியானம் குழந்தை கூடத்தில் பாய் போட்டுத் தூங்கினாள். ஒரு பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். அக்காவைப் படுக்கச் சொன்னேன். "இதோ" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறி நின்று, இறங்கக் கொஞ்சம் தாமதமானால் அக்காவின் கை என் முழங்காலைப் பற்றும். இறங்கியதும் விடும். வாசலில் யாரோ விசாரிக்க வந்து கதவைத் தட்டினார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை.